பொறியியல், சொந்தத் தொழில், ஊருக்கான வேலை: யாழ்ப்பாணத்து உயர்தர மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயர்தரப் பெறுபேறு வந்ததும் கணிதப் பிரிவுப் பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாமாரும் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் சிவில் பொறியியல் படித்தவன்; தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலைகளிலேயே கூடுதலான காலம் இருந்தவன். பேச வருகிற பிள்ளைகளில் பலர் மூன்று ஆசைகளை ஒரே மூச்சில் சொல்கிறார்கள்: பொறியியலாளர் ஆக வேண்டும், சொந்தமாக ஒன்று தொடங்க வேண்டும், ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும். இந்த மூன்றையும் ஒரே வேலையாகச் செய்யலாம், அதற்கு யாழ்ப்பாணத்தில் நிறைய இடம் இருக்கிறது என்று நம்புகிறேன். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த நம்பிக்கையோடு எழுதியவை.

இசட் புள்ளி வந்துவிட்டது. பொறியியல் கிடைக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இசட் புள்ளி என்பது மூன்று பாடங்களின் புள்ளிகளையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றி எடுக்கும் சராசரி. ஒரு பாடநெறிக்கு எடுபட்ட கடைசி மாணவரின் இசட் புள்ளிதான் வெட்டுப்புள்ளி. அது வெளியாகும்வரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 40 சதவீத இடங்களை அகில இலங்கைத் தரவரிசைப்படி நிரப்பும். 55 சதவீதம் மக்கள்தொகைப்படி மாவட்டங்களுக்குப் பிரிக்கப்படும். மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று வகுக்கப்பட்ட மாவட்டங்களுக்குரியது. ஆகவே இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றிலும் நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்பதோடு, இந்த மாவட்டத்தில் உங்களோடு எழுதியவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதும் சேர்ந்துதான் முடிவு வரும். போன வருட வெட்டுப்புள்ளியை வைத்து அயலார் சொல்லும் தீர்ப்பைக் கேட்டு மனம் உடைய வேண்டாம்.

விண்ணப்பக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து நீங்களே வாசியுங்கள். பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுதும்போது உண்மையில் எதை விரும்புகிறீர்களோ அதை முதலில் போடுங்கள். ரியூசனில் கூட இருந்தவர் எதைப் போட்டார் என்று பார்த்துப் போட்ட பிள்ளைகள் பிறகு கவலைப்படுவதைக் கண்டிருக்கிறேன்.

மொறட்டுவை, பேராதனை கிடைக்காமல் கிளிநொச்சி கிடைத்தால் போகலாமா?

தயங்காமல் போங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கியது. சிவில், கணினி, மின்னியல், இயந்திரவியல் துறைகள் இருக்கின்றன. பேராதனைக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு; மொறட்டுவையில் படித்தால் கொழும்பு நிறுவனங்களோடு பழகுவது இலகு. இது உண்மைதான்.

ஆனால் அறிவியல் நகரில் வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காத ஒன்று இருக்கிறது. விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் அங்கேயே இருக்கின்றன. கையால் வேலை பழக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் அங்கேதான். பயிர் தெரிந்தவர், வடிவமைக்கத் தெரிந்தவர், ஒட்டி முடுக்கத் தெரிந்தவர் மூவரும் ஒரே கடையில் தேநீர் குடிக்கும் இடம் அது. சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல அயல் கிடைக்காது.

பகிடிவதைக்குப் பயந்து அம்மா போக வேண்டாம் என்கிறார்.

அம்மாவின் பயம் நியாயமானது. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை தண்டனைக்குரிய குற்றம். யாராவது எல்லை மீறினால் அதே நாளில் வீட்டுக்கும் பீடத்துக்கும் சொல்லிவிடுங்கள். அதற்காகப் படிப்பை விட வேண்டாம்.

போதிய புள்ளி வரவில்லை. மூன்றாம் தடவை எழுதலாமா, வேறு வழி பார்க்கலாமா?

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை வரை எழுதலாம். முதல் தடவை கொஞ்சத்தில் தவறியிருந்தால் இரண்டாம் தடவை எழுதுவதில் பயன் இருக்கிறது. மூன்றாம் தடவைக்குப் போகமுன் உங்கள் ஆசிரியரோடு மனம்விட்டுப் பேசுங்கள். ஒரே நோட்ஸை மறுபடி ஒரு வருடம் புரட்டும் நேரத்தில் இன்னொரு வழியில் பாதித் தூரம் போய்விடலாம்.

வழிகள் பல இருக்கின்றன. திறந்த பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் படிக்கலாம். அதற்கு யாழ்ப்பாணத்திலும் பிராந்திய நிலையம் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகம் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா தருகிறது. தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து தேசிய தொழில் தகைமையின் 5, 6 ஆம் மட்டங்களை முடித்தவர்கள், இரத்மலானையில் உள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தில் 7 ஆம் மட்டமான பட்டத்துக்குப் போகலாம். இந்த வழியால் வருகிறவர்களிடம் எனக்குத் தனி மரியாதை. பம்பைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பிறகு சூத்திரம் படிக்கிறவருக்கு அந்தச் சூத்திரம் மறக்காது.

தனியார் நிறுவனத்துக்குக் காசு கட்டுவதென்றால் முன்கூட்டி ஒன்றைக் கேளுங்கள்: அந்தப் பட்டத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் அங்கீகரிக்கிறதா? பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014 இல் முழு உறுப்பு நாடானது. அங்கீகாரம் பெற்ற பட்டம் என்றால் வெளிநாட்டிலும் மதிப்பு இருக்கும். அழகான கட்டடத்தையும் பட்டமளிப்புப் படங்களையும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

தமிழில் படித்தேன். கம்பஸில் எல்லாம் ஆங்கிலமாமே?

ஆம், விரிவுரை, பரீட்சை, அறிக்கை எல்லாம் ஆங்கிலம்தான். முதல் சில மாதங்கள் கஷ்டமாக இருக்கும். உங்களுக்கு முன்னே போன அண்ணாமார் அக்காமாரும் இதே இடத்திலிருந்துதான் போனார்கள். இப்போதே பௌதிகவியலில் ஒரு பாடத்தை ஆங்கிலப் புத்தகத்தில் வாசித்துப் பாருங்கள். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் மொழி தானாகப் பிடிபடும். தமிழிலும் விளக்கத் தெரிந்திருங்கள்; நாளைக்கு ஒரு விவசாயிக்கு உங்கள் கருவியைப் பற்றிச் சொல்லப்போகிறவர் நீங்கள்தான்.

பெண் பிள்ளைக்கு சிவில் சரிவராது என்கிறார்கள். உண்மையா?

இல்லை. வெயிலும் தளமும் எல்லோருக்கும் ஒன்றுதான். தங்கச்சி, உங்களுக்கு சிவில் பிடித்திருந்தால் சிவில் படியுங்கள். யாழ்ப்பாணத்தில் குடிதண்ணீர், மலசலகூடம் பற்றிய வேலைகளில் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேச வேண்டியது அதிகம். பெண் பொறியியலாளர் ஒருவரிடம் அவர்கள் சொல்லும் விவரங்களில் பாதியைக்கூட எங்களைப் போன்றவர்களிடம் சொல்வதில்லை.

எந்தத் துறை எடுக்கலாம்? கம்பியூட்டர் என்றால்தான் காசு என்கிறார்கள்.

பொதுவாக முதலாண்டு எல்லோருக்கும் ஒரே பாடங்கள். அதற்குப் பிறகுதான் புள்ளிகளைப் பார்த்துத் துறை பிரிப்பார்கள். ஆகவே இப்போதே தலையை உடைக்க வேண்டாம். மென்பொருள் நல்ல துறை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே உலகத்துக்கு வேலை செய்யலாம். யாழ் ஐ.டி ஹப் போன்ற தன்னார்வ அமைப்பு நடத்தும் போட்டிகளில் பள்ளிப் பிள்ளைகளும் கலந்துகொள்கிறார்கள்.

ஆனால் மற்றத் துறைகளைக் குறைவாக நினைக்காதீர்கள். போரில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து பொருத்தும் ஜெய்ப்பூர் நிலையம் பல பத்தாண்டுகளாக இங்கே இயங்குகிறது. ஒருவருடைய உடம்புக்கும் நடைக்கும் ஏற்றபடி கால் செய்வது முழுக்க முழுக்க இயந்திரவியல். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு போன்ற இடங்களில் சூரிய ஒளி, காற்று, மின்கலம் ஆகியவற்றைச் சேர்த்து மின்சாரம் கொடுப்பதற்கு மின்னியல் தெரிந்தவர்கள் வேண்டும். பனங்கட்டி, ஒடியல், கருவாடு எல்லாவற்றையும் ஒரே தரத்தில் உலர்த்தும் சிறிய உலர்த்திகளைச் செய்வதற்கும் ஆள் தேவை.

யாழ்ப்பாணத்தில் பொறியியலாளருக்கு உண்மையில் என்ன வேலை இருக்கிறது?

ஒன்றைச் சொல் என்றால் தண்ணீரைச் சொல்வேன்.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். குடிக்க, குளிக்க, வெங்காயத்துக்கு இறைக்க எங்களிடம் இருப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான். அந்த நன்னீர், அடியில் உள்ள கடல்நீரின் மேல் மிதக்கிறது. உங்கள் பௌதிகவியலை இங்கே எடுங்கள். நன்னீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1000 கிலோகிராம். கடல்நீருக்கு ஏறத்தாழ 1025. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். மேலே 1, கீழே 40 என்று நன்னீரின் மொத்த உயரம் 41 மீற்றர்; அதைத் தாங்கும் கடல்நீரின் உயரம் 40 மீற்றர். 1000 ஐ 41 ஆல் பெருக்குங்கள், 1025 ஐ 40 ஆல் பெருக்குங்கள்: இரண்டும் 41,000. அப்படியென்றால் மோட்டர் போட்டு இறைத்து நீர்மட்டத்தை நிரந்தரமாக அரை மீற்றர் இறக்கினால், கணக்குப்படி உப்புநீர் அடியிலிருந்து 20 மீற்றர் மேலே வரும். கரையோரக் கிணறுகள் உவராகிப்போன கதை முழுவதும் இந்த இரண்டு பெருக்கலுக்குள் இருக்கிறது.

அடுத்தது நைத்திரேற்று. தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியாகக் கிணற்றுக்கு வந்துவிடுகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிஞ்சினால் முக்கியமாகப் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கொதிக்கவைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகிச் செறிவு கூடும். இதை எத்தனை வீடுகளில் தெரிந்து வைத்திருக்கிறார்கள்?

பெரிய திட்டங்களும் உண்டு. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954 இல் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் கடல்நீரேரிக்குள் கனகராயன் ஆறு கொண்டுவரும் தண்ணீரைக் கடலுக்குப் போகவிடாமல் தடுத்து, முள்ளியானில் ஒரு கால்வாய் வெட்டி வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவருவது அதன் அடிப்படை. இன்றுவரை அது முழுமையாக நிறைவேறவில்லை. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. இவை அரசாங்கம் செய்ய வேண்டியவை.

உங்களைப் போன்றவர்கள் கைவைக்கக்கூடியவை அதற்குக் கீழே கிடக்கின்றன. அன்பளிப்பாக வந்த நீர் சுத்திகரிப்பு இயந்திரங்களைப் பாருங்கள். திறப்பு விழா நடக்கும், நாடா வெட்டுவார்கள், பெயர்ப்பலகை பளிச்சென்று இருக்கும். உள்ளே உப்பை வடிக்கும் மெல்லிய சவ்வு அடைத்தபிறகு அதை மாற்ற ஆளும் இல்லை, காசும் இல்லை. இயந்திரம் பூட்டிக் கிடக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த இயந்திரம் உள்ளே போகும் தண்ணீரில் ஒரு பங்கைத்தான் நன்னீராகத் தரும். மீதி, உப்பும் நைத்திரேற்றும் செறிந்த கழிவாக வெளியே வரும். அதைப் பக்கத்திலேயே குழிக்குள் விட்டால் மறுபடி அதே நிலத்தடி நீரில்தான் சேரும். சூரிய ஒளியில் இயங்கும் பம்பும் அப்படித்தான். மண்ணெண்ணெய்ச் செலவு இல்லை என்பது விவசாயிக்கு உண்மையான ஆறுதல். ஆனால் இறைக்க இறைக்கக் காசு போகாது என்றால் இறைப்பது கூடும். மேலே சொன்ன 40 மீற்றர்க் கணக்கு வேலை செய்யத் தொடங்கும். நீர்மட்டம் ஒரு அளவுக்குக் கீழே போனால் தானாக நிற்கும் பம்பை மலிவாகச் செய்து கொடுக்கிறவர் இந்த மண்ணுக்குப் பெரிய உதவி செய்தவராவார்.

படிக்கும்போதே ஒரு நிறுவனம் தொடங்கலாமா?

தொடங்கலாம். வியாபாரப் பெயரை உங்கள் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யலாம். கம்பனியாக வேண்டுமென்றால் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒருவரே பங்குதாரராகவும் பணிப்பாளராகவும் இருந்து தனியார் கம்பனி பதியலாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் பதிவை முதல் வேலையாக வைக்காதீர்கள். யாராவது ஒருவர் தன் காசைக் கொடுத்து உங்களிடம் ஏதாவது வாங்கிய பிறகு பதியுங்கள். முகநூல் பக்கமும் இலச்சினையும் அச்சடித்த அட்டையும் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

மேலே சொன்ன பூட்டிக் கிடக்கும் இயந்திரங்களையே எடுங்கள். பத்துப் பள்ளிக்கூடங்களின் சுத்திகரிப்பு இயந்திரங்களை மாதம் ஒரு தொகைக்குப் பராமரிக்கிறோம் என்று நான்கு பேர் சேர்ந்து பொறுப்பெடுத்தால் அது ஒரு தொழில். பழைய மாணவர் சங்கங்கள் புது இயந்திரத்துக்குக் கொடுக்கும் காசில் சிறு பகுதியை அதற்குக் கொடுக்கச் சம்மதிப்பார்கள். ஆனால் நீங்கள் போய்க் கேட்க வேண்டும், ஒவ்வொரு மாதமும் தண்ணீர் அளவு எழுதிய தாளைக் காட்ட வேண்டும். புதிய கண்டுபிடிப்பு எதுவும் இதற்குத் தேவையில்லை. தவறாமல் போவதுதான் தேவை. ஊருக்கான எந்த வேலையையும் பார்க்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, மூன்றாம் வருடம் பழுதானால் இதை யார் திருத்துவார்கள், அவருக்கு யார் காசு கொடுப்பார்கள் என்பதுதான். அதற்குப் பதில் இருந்தால் நீங்கள் செய்வது பொறியியல், தொழில், சேவை மூன்றும்தான்.

முதலுக்கு எங்கே போவது? கனடா மாமா தருகிறேன் என்கிறார்.

மாமா தருவதை வாங்கலாம். ஆனால் எழுதி வாங்குங்கள். கடனா, பங்கா, அன்பளிப்பா என்பது தாளில் இருக்க வேண்டும். உறவுக்குள் எழுத்து எதற்கு என்று விட்டுவிட்டுப் பிறகு முகம் பார்க்காமல் போன குடும்பங்கள் உண்டு. முதல் தொகை சிறியதாக இருக்கட்டும். கையில் காசு குறைவாக இருக்கும்போதுதான் வாடிக்கையாளரிடம் போய்க் கேட்கும் பழக்கம் வரும். கைத்தொழில் அபிவிருத்திச் சபை சிறு தொழில் தொடங்குபவர்களுக்கு ஆலோசனையும் பயிற்சியும் தருகிறது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால், அதை வெளியே காட்டமுன் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் ஆக்கவுரிமம் பற்றி விசாரியுங்கள்.

சேவையில் இலாபம் எடுப்பது தப்பில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். இதற்கு யாழ்ப்பாணத்திலேயே பழைய பதில் ஒன்று இருக்கிறது. 1930களில் மூளாய் மக்கள் கூட்டுறவாக ஒரு வைத்தியசாலையை நிறுவினார்கள். அதே காலத்தில், மலையாளக் கரைக்குப் புகையிலை அனுப்பிய தோட்டக்காரர்கள் விற்பனைக்கென்று கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். யாழ் நகரில் நீங்கள் நாடகமும் கூட்டமும் பார்த்த வீரசிங்கம் மண்டபம், கூட்டுறவு இயக்கத்தை வளர்த்த வீ. வீரசிங்கத்தின் பெயரைத் தாங்கியது. அந்த மனிதர்கள் கணக்குப் புத்தகம் வைத்தார்கள், இலாபம் பார்த்தார்கள், அந்த இலாபம் யாருக்குப் போகும் என்பதை உறுப்பினர்கள் கூடி முடிவு செய்தார்கள். உங்களுடைய யோசனைக்குக் கம்பனியைவிடக் கூட்டுறவுச் சங்கம் பொருந்துமா என்று ஒருதரம் யோசித்துப் பாருங்கள். மீனவர், பனைத் தொழிலாளர், தோட்டக்காரர் சம்பந்தப்பட்ட வேலைகளில் பல நேரம் பொருந்தும்.

சான்றிதழுக்காகச் செய்யும் சேவை பற்றியும் கேட்கிறீர்கள். லியோ, இன்ரறக்ட், சாரணர், சென் ஜோன்ஸ் முதலுதவி எல்லாம் நல்லவை, சேருங்கள். ஆனால் ஊர்ச் சனசமூக நிலையத்தை மறந்துவிடாதீர்கள். பத்திரிகை வாசிக்க வரும் பெரியவர்களுக்கு எந்த ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும், எந்தக் கிணறு எப்போது உவரானது என்பதெல்லாம் தெரியும். அந்தத் தகவலை எந்த அலுவலகத்திலும் எடுக்க முடியாது.

வெளிநாடு போனால் ஊரை விட்டுவிட்டோம் என்று ஆகுமா?

ஆகாது. போய்ப் படியுங்கள், வேலை பாருங்கள். பேராசிரியர் அழகையா துரைராஜா கேம்பிரிட்ஜில் மண்பொறிமுறை ஆய்வு செய்தவர். 1963 இல் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் இருவரோடும் சேர்ந்து களிமண்ணின் நடத்தை பற்றி அவர் எழுதிய கட்டுரை அந்தத் துறையின் அடிப்படைகளில் ஒன்று. அப்படிப்பட்டவர் பேராதனையில் கற்பித்து, 1988 முதல் 1994 இல் இறக்கும்வரை, போர் நடந்த அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். உலகத் தரமான அறிவோடு இங்கே இருக்கலாம் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். எல்லோராலும் அப்படித் திரும்ப முடியாது. குடும்பச் சுமை, கடன், பிள்ளைகள் என்று ஆயிரம் இருக்கும். திரும்ப முடியாதவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இங்கே ஒரு வேலையோடு தொடர்பை விடாதீர்கள். காசு அனுப்புவதோடு, மாதம் ஒருமுறை இங்குள்ள ஒரு மாணவரின் வரைபடத்தைத் திருத்திக் கொடுங்கள்.

பல்கலைக்கழகம் தொடங்கும்வரை மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறேன். என்ன செய்யலாம்?

காலையில் ஒரு லேத் பட்டறையிலோ மோட்டர் திருத்தும் கடையிலோ உதவிக்கு நில்லுங்கள். சம்பளம் பேச வேண்டாம், வேலை பழகுங்கள். மாலையில் ஆங்கிலம், அதோடு பைத்தான் என்ற கணினி மொழி அல்லது ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் ஏதாவது ஒன்று.

அப்புறம், இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து கையில் பிடிக்கும் மின்கடத்துதிறன் மானி ஒன்று வாங்குங்கள். தண்ணீரில் உப்புக் கூடினால் மின்கடத்துதிறனும் கூடும். உங்கள் ஒழுங்கையில் உள்ள கிணறுகளை மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். கிணறு, திகதி, கடைசியாக மழை பெய்தது எப்போது, நீர்மட்டம், மின்கடத்துதிறன்: ஐந்து நிரல் போதும். வீட்டுக்காரரிடம் கேட்டு, அனுமதியோடு செய்யுங்கள். அளவைப் பார்த்து யாரையும் பயமுறுத்த வேண்டாம். மாரி மழை முடிந்த தை மாத அளவுகளையும், வெயில் காய்ந்த ஆவணி மாத அளவுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எந்தக் கிணறு எவ்வளவு உவராகிறது என்று தெரியும். சந்தேகமான கிணறுகளின் தண்ணீரை ஆய்வுகூடத்தில் நைத்திரேற்றுக்குப் பரிசோதிக்கலாம். தாள்களைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அலுவலகத்துக்கோ பல்கலைக்கழகத் துறை ஒன்றுக்கோ எடுத்துப் போய், அடுத்து எதை அளக்க வேண்டும் என்று கேளுங்கள்.